பொம்மை ரயிலுக்கு வளைவு வாங்குகிறீர்களா? முதலில் எக்ஸெல்லில் ஒரு கணக்கு போடுங்கள்!

விக்கிரவாண்டி என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது டோல்கேட்டும், தஞ்சாவூர் ரோடு பிரியும் இடமும்தான். எங்கள் வீட்டுக்கு விக்கிரவாண்டி என்றால் ரயில்வே ஸ்டேஷன். அப்பா ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து, மேஸ்திரியாக ஓய்வு பெற்றவர். பேரணிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையில் அவர் கால் படாத கட்டை இருக்காது. நான் சென்னையில் சாப்ட்வேர் வேலை. சனி, ஞாயிறு ஊருக்கு வந்துவிடுவேன்.

சிங்கப்பூரில் இருக்கும் மாமா போன முறை வந்தபோது, அக்கா மகனுக்கு ஒரு பழைய பொம்மை ரயில் செட் கொண்டு வந்தார். இன்ஜின், மூன்று பெட்டி, கொஞ்சம் தண்டவாளம். அட்டைப்பெட்டி இல்லை. தண்டவாளத்தின் அடிப்பக்கத்தில் கம்பெனி பெயரும் இல்லை. வளைந்த துண்டுகள் ஆறுதான் இருந்தன. ஆறையும் மாட்டினால் வட்டத்தில் பாதிகூட வரவில்லை.

"மாமா, ரயில் எப்ப ஓடும்?" என்று பையன் தினமும் போனில் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

"என்ன பெரிய விஷயம்?" என்று ஸ்கூல் ஸ்கேலை எடுத்து ஒரு துண்டை அளந்தேன். கணக்குப் போட்டேன். ஆன்லைனில் பத்துத் துண்டு ஆர்டர் செய்தேன். வந்தது. மாட்டினேன். வட்டம் மூடவில்லை! கடைசி இரண்டு முனைகளுக்கும் நடுவில் 12 சென்டிமீட்டர் இடைவெளி. பிரித்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டோம் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பையன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான் எங்கே தப்பு செய்தேன், எப்படிச் சரியாக அளப்பது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் சொல்லப் போகிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு நூல், ஒரு ஸ்டீல் ஸ்கேல், ஒரு இன்ச் டேப், உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும் எக்ஸெல். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்தலாம்.

தெரிந்துகொள்ள வேண்டிய மூன்று அளவுகள்

ஒரு வளைவுத் துண்டை வாங்குவதற்கு மூன்று விவரம் தெரிய வேண்டும்.

முதலாவது கேஜ். இரண்டு தண்டவாளங்களின் உள்பக்கங்களுக்கு இடையே உள்ள அகலம். நம் பிராட்கேஜ் 1676 மி.மீ., பழைய மீட்டர் கேஜ் 1000 மி.மீ. தாம்பரத்திலிருந்து விழுப்புரம் வரை 1960களிலேயே மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓடியது. இப்போது அந்தப் பாதை முழுவதும் பிராட்கேஜ். பொம்மை ரயில்களில் அதிகம் கிடைப்பது 16.5 மி.மீ. கேஜ். ஹெச்.ஓ., டபுள்ஓ என்ற இரண்டு வகைக்கும் இதே கேஜ்தான். அதைவிடச் சிறியது என் ஸ்கேல், 9 மி.மீ.

இரண்டாவது ஆரம். துண்டுகளை மாட்டி முழு வட்டம் ஆக்கினால், அந்த வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து பாதைக்கு உள்ள தூரம். கவனிக்கவும்: இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டால், அந்தக் கோடு வரைக்கும்தான் கம்பெனிகள் கணக்கிடுகின்றன.

மூன்றாவது கோணம். ஒரு துண்டு வட்டத்தில் எத்தனை டிகிரி என்பது. 45 டிகிரி என்றால் ஒரு வட்டத்துக்கு 8 துண்டு. 30 டிகிரி என்றால் 12. 22.5 டிகிரி என்றால் 16.

கேஜை ஸ்கேலால் அளந்துவிடலாம். ஆரம்தான் தகராறு. ஒரே ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வட்டத்தின் நடுப்புள்ளியை எங்கே போய்த் தேடுவது?

அப்பாவின் கயிறு

ரயில்வேக்கும் இதே பிரச்சினை உண்டு. விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என ஐந்து திசைக்குப் பாதை பிரிகிறது. பிரிகிற பாதை வளைந்துதானே ஆக வேண்டும்? ஒரு வளைவின் ஆரம் அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று இருக்கும். அதன் நடுப்புள்ளி யாருடைய வயலிலோ, கிணற்றிலோ இருக்கலாம். அங்கே போய் டேப் பிடிக்க முடியாது.

அதனால் ரயில்வேயில் கயிறு பிடிக்கிறார்கள். 20 மீட்டர் கயிறை வளைவின் வெளிப்பக்கத் தண்டவாளத்தில் இரண்டு முனையிலும் ஒட்டிப் பிடிப்பார்கள். கயிறு நேராக நிற்கும், தண்டவாளம் வளைந்து விலகியிருக்கும். நடுவில் இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மி.மீ. கணக்கில் அளப்பார்கள். இதற்குப் பெயர் வெர்சைன். கயிற்றின் நீளத்தை நாண் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். வில்லும் நாணும் போலத்தான்.

பார்முலா மிகச் சுலபம்:

ஆரம் = (நாண் × நாண்) ÷ (8 × வெர்சைன்)

20 மீட்டர் நாணுக்கு இது இன்னும் சுருங்கிவிடும். 50000-ஐ மி.மீ.யில் உள்ள வெர்சைனால் வகுத்தால் மீட்டரில் ஆரம் கிடைக்கும். வெர்சைன் 57 மி.மீ. வந்தால் ஆரம் சுமார் 877 மீட்டர். ரயில்வே பாஷையில் சொன்னால் 2 டிகிரி வளைவு. (1750-ஐ ஆரத்தால் வகுத்தால் டிகிரி வரும்.)

சின்ன வயதிலிருந்தே அப்பா வாயால் கேட்ட பார்முலா இது. அதைத்தான் நானும் போட்டேன். ஒரு துண்டின் நாண் 171 மி.மீ., வெர்சைன் ஏழரை மி.மீ. ஏழரை என்றதுமே நான் உஷாராகியிருக்க வேண்டும்! விடை 487. கடையில் இருந்த அளவுகள் 371, 438, 505. 487-க்குப் பக்கத்தில் இருப்பது 505 என்று அதை வாங்கினேன். அதுதான் மூடாத வட்டம்.

ஒரே பாதைக்கு எத்தனை ஆரம்?

நடந்ததைக் கேட்டு அப்பா சிரித்தார். "ஏன்டா, ஒத்தத் துண்ட வெச்சிக்கிட்டு யாராவது அளப்பாங்களா? நாங்க பத்து மீட்டருக்கு ஒரு எடம்னு வளைவு முழுக்க கயிறு புடிச்சிக்கிட்டே போவோம். எல்லாத்தையும் மாட்டி வெச்சி அளடா" என்றார்.

நாலு துண்டை மாட்டினோம். இரண்டு முனைக்கும் நூல் கட்டி அளந்தோம். நாண் 619, வெர்சைன் 128. பார்முலா போட்டால் ஆரம் 374!

371 என்று ஒரு அளவு கடையில் இருக்கிறதே! அதுதான் என்று முடிவு செய்து, ஆர்டர் பட்டனில் கையை வைத்துவிட்டேன். ஏற்கனவே சூடு பட்டதால் ஒரு சந்தேகம் வந்தது. எதற்கும் ஆறு துண்டையும் மாட்டி அளப்போம் என்று பார்த்தேன். நாண் 809, வெர்சைன் 270. ஆரம் 303. இரண்டு துண்டை மட்டும் அளந்தால் 425.

அதே தண்டவாளம். ஒரு துண்டுக்கு 487, இரண்டுக்கு 425, நாலுக்கு 374, ஆறுக்கு 303. துண்டு கூடக் கூட ஆரம் குறைகிறது. ஒரு புரோகிராம் இப்படி விடை தந்தால் நாங்கள் ஆபீசில் என்ன சொல்வோம்? அளந்தவர் கை நடுங்கினால் விடை மேலும் கீழுமாக ஆடும். ஒரே பக்கமாகச் சரிந்துகொண்டே போனால் பார்முலாவில்தான் பக் இருக்கிறது.

பக் எங்கே?

வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து நாணின் ஒரு முனைக்குக் கோடு போட்டால் அது ஆரம். நடுப்புள்ளியிலிருந்து நாணின் மையத்துக்கு உள்ள தூரம், ஆரத்தில் வெர்சைன் போக மீதி. இந்த இரண்டோடு நாணில் பாதியையும் சேர்த்தால் ஒரு செங்கோண முக்கோணம். பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டு விரித்தால் கிடைக்கும் முழு பார்முலா இது:

ஆரம் = (நாண் × நாண்) ÷ (8 × வெர்சைன்) + (வெர்சைன் ÷ 2)

கடைசியில் இருக்கும் வெர்சைனில் பாதியை ரயில்வேயில் விட்டுவிடுகிறார்கள். அது தப்பில்லை. பிராட்கேஜில் அனுமதிக்கப்படும் மிகக் கடுமையான வளைவு 10 டிகிரி, அதாவது 175 மீட்டர் ஆரம். அங்கேகூட 20 மீட்டர் நாணுக்கு வெர்சைன் 286 மி.மீ.தான். அதில் பாதி 14 சென்டிமீட்டர். 175 மீட்டரில் 14 சென்டிமீட்டர் போனால் என்ன, வந்தால் என்ன?

பொம்மை ரயிலில் கதை வேறு. ஆறு துண்டின் வெர்சைன் 270. அதில் பாதி 135 மி.மீ. மொத்த ஆரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு! அதை விட்டால் விடை எப்படிச் சரியாக வரும்?

எக்ஸெல்லில் போடுவது எப்படி?

புதிய ஷீட் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். முதல் வரிசையில் நான்கு தலைப்புகளை டைப் செய்யுங்கள்: ஏ1 செல்லில் நாண், பி1-இல் வெர்சைன், சி1-இல் ஆரம், டி1-இல் விகிதம்.

இப்போது சி2 செல்லில் கிளிக் செய்து இதை டைப் செய்யுங்கள்:

=ஏ2*ஏ2/(8*பி2)+பி2/2

டி2 செல்லில் இது:

=பி2/ஏ2

(செல் பெயர்களில் உள்ள ஏ, பி எழுத்துகளை ஆங்கிலத்திலேயே டைப் செய்ய வேண்டும்.) என்டர் தட்டுங்கள். பிறகு இரண்டு செல்களையும் செலக்ட் செய்து, மூலையில் இருக்கும் சின்னக் கட்டத்தை மவுசால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைக்கும் பார்முலா வந்துவிடும். அளவுகளை மி.மீ.யில் கொடுங்கள்.

நான் அளந்த நான்கு அளவுகளையும் கொடுத்தபோது கிடைத்த விடை:

1 துண்டு: நாண் 171, வெர்சைன் 7.5, ஆரம் 491
2 துண்டு: நாண் 335, வெர்சைன் 33, ஆரம் 442
4 துண்டு: நாண் 619, வெர்சைன் 128, ஆரம் 438
6 துண்டு: நாண் 809, வெர்சைன் 270, ஆரம் 438

பார்த்தீர்களா? சரிவு போய்விட்டது. விடை 438-இல் வந்து நின்றுவிட்டது. ஆனால் முதல் வரி மட்டும் இன்னும் 491 என்று அடம் பிடிக்கிறது. பார்முலா சரியாகிவிட்ட பிறகும் ஏன்?

அரை மி.மீ. செய்யும் அட்டகாசம்

இதையும் எக்ஸெல்லிலேயே கண்டுபிடிக்கலாம். ஒவ்வொரு வரிசையிலும் வெர்சைனை மட்டும் அரை மி.மீ. மாற்றிப் பாருங்கள். 438 ஆரமுள்ள பாதையில், அந்த அரை மி.மீ. தவறு ஆரத்தை எவ்வளவு மாற்றும் என்றால்:

1 துண்டு: சுமார் 25 மி.மீ.
2 துண்டு: சுமார் 6 மி.மீ.
4 துண்டு: ஒரு மி.மீ.க்குச் சற்று மேல்
6 துண்டு: 0.3 மி.மீ.

ஒற்றைத் துண்டில் வெர்சைனே 8.4 மி.மீ.தான். நான் ஏழரை என்று படித்தேன். ஒரு மி.மீ.கூடத் தப்பு இல்லை. அதுவே ஆரத்தில் 50 மி.மீ. தூக்கிவிட்டது. ஸ்கேலை மாற்றிப் பயனில்லை. அளக்கும் வளைவைத்தான் நீளமாக்க வேண்டும். அப்பா கணக்கு எதுவும் போடாமல் சொன்னதும் இதுதான்.

அளக்கும்போது கவனிக்க:

* இரட்டைப்படையில் மாட்டுங்கள். நாலு துண்டு என்றால் இரண்டாவதும் மூன்றாவதும் சேரும் இடமே வளைவின் சரியான நடு. தேட வேண்டியதில்லை.
* சமமான தரையில் வையுங்கள். இணைப்புகள் முழுதாக உள்ளே போயிருக்க வேண்டும்.
* இரண்டு முனையிலும், நடு இணைப்பிலும், தண்டவாளங்களுக்கு நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி நூலை இழுத்துக் கட்டுங்கள்.
* வெர்சைனை நூலுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். மூலைமட்டம் இருந்தால் நல்லது.
* வெளித் தண்டவாளத்தின் உள்முகத்தில் அளந்தால் விடையிலிருந்து கேஜில் பாதியைக் கழியுங்கள். உள்தண்டவாளத்தின் உள்முகம் என்றால் கூட்டுங்கள். 16.5 கேஜுக்குப் பாதி 8.25 மி.மீ.

உங்களிடம் அரைவட்டத்துக்கான துண்டுகள் இருந்தால் இந்தப் பார்முலாவே வேண்டாம். அரைவட்டம் மாட்டி, நடுக்கோட்டிலிருந்து எதிர்ப்பக்க நடுக்கோட்டுக்கு டேப் பிடித்துப் பாதியாக்கினால் போதும்.

ஒரே ஒரு துண்டுதான் இருக்கிறதா?

கவலை வேண்டாம். அதற்கும் வழி உண்டு. கடையில் கிடைக்கும் துண்டுகளின் கோணம் பெரும்பாலும் 15, 22.5, 30, 45 டிகிரிகளில் ஒன்றாக இருக்கும். முதலில் எந்தக் கோணம் என்று கண்டுபிடியுங்கள். அதற்குத்தான் டி செல்லில் விகிதம் போட்டோம்.

விகிதம் 0.033 என்றால் 15 டிகிரி
0.049 என்றால் 22.5 டிகிரி
0.066 என்றால் 30 டிகிரி
0.099 என்றால் 45 டிகிரி

கோணம் தெரிந்துவிட்டால் வெர்சைனை மறந்துவிடுங்கள். நாணை மட்டும் வைத்து ஆரம் கண்டுபிடிக்கலாம். 15 டிகிரி துண்டென்றால் நாணை 0.2611-ஆல் வகுக்கவும். 22.5 என்றால் 0.3902. 30 என்றால் 0.5176. 45 என்றால் 0.7654.

என்னுடைய ஏழரைக்கே இதைப் போட்டுப் பார்த்தேன். 7.5 ÷ 171 = 0.044. பட்டியலில் இதற்கு மிக அருகில் இருப்பது 0.049, அதாவது 22.5 டிகிரி. 171 ÷ 0.3902 = 438. தப்பான அளவிலிருந்தே சரியான விடை! இது மட்டும் முன்பே தெரிந்திருந்தால் பணம் மிச்சமாகியிருக்கும்.

விகிதம் இரண்டு கோணங்களுக்கு நடுவில் வந்து குழப்பினால், வீட்டில் இருக்கும் ஸ்கேனரைப் பயன்படுத்துங்கள். தண்டவாளம் கண்ணாடியைத் தொடும்படி துண்டைக் கவிழ்த்து வையுங்கள். இரண்டு முனையும் ஸ்கேனரின் நேர் விளிம்பைத் தொட வேண்டும். 300 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்து, பெயின்ட் புரோகிராமில் திறந்து, மவுசைப் புள்ளிகளின் மேல் கொண்டுபோனால் கீழே எண்கள் தெரியும். அவைதான் பிக்ஸல் அளவு. கழித்து வருவதை 25.4-ஆல் பெருக்கி 300-ஆல் வகுத்தால் மி.மீ. என் துண்டுக்கு நாண் 2018 பிக்ஸல், வெர்சைன் 99 பிக்ஸல் வந்தது. விகிதம் 0.049. சந்தேகமே இல்லை. மொபைல் கேமராவில் எடுத்தால் கோணம் சாய்ந்து ஏமாற்றிவிடும், ஜாக்கிரதை.

கடையில் கிடைக்கும் சில அளவுகள்

* ஹார்ன்பி, பெக்கோ செட்ட்ராக் (பிரிட்டன், 16.5 கேஜ்): 371, 438, 505 மி.மீ. துண்டுகள் 22.5 அல்லது 45 டிகிரி.
* மார்க்லின் சி டிராக் (ஜெர்மனி, 16.5 கேஜ்): 360, 437.5 மி.மீ. துண்டுகள் 30 டிகிரி.
* அமெரிக்க செட்டுகள் (16.5 கேஜ்): 18 இன்ச், 22 இன்ச். அதாவது 457, 559 மி.மீ.
* கேட்டோ யூனிட்ராக் (ஜப்பான், 9 கேஜ்): 249, 282, 315, 348 மி.மீ.
* லெகோ ரயில்: 320 மி.மீ., 22.5 டிகிரி.

ஹார்ன்பியின் 438-ம் மார்க்லினின் 437.5-ம் எந்த நூலுக்கும் வித்தியாசம் தெரியாது. அங்கே கோணம்தான் காட்டிக்கொடுக்கும். மார்க்லின் பாதையில் நடுவே மின்சாரத்துக்கான சின்னப் புள்ளிகளும் இருக்கும்.

இன்னொன்று. பெரிய இன்ஜின்களின் பெட்டியில் குறைந்தபட்ச ஆரம் அச்சிட்டிருப்பார்கள். அதைவிடச் சிறிய வளைவில் ஓட்டினால் தடம் புரளும். நம் பிராட்கேஜின் 175 மீட்டர் வளைவை டபுள்ஓ அளவுக்கு, அதாவது 76-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 2.3 மீட்டர் ஆரம் வரும். முழு வட்டத்துக்கு நாலரை மீட்டருக்கு மேல் வேண்டும். எங்கள் கூடத்தில் இடம் இல்லை. அதனால்தான் பொம்மை ரயில்கள் உண்மையான ரயில் நினைத்தும் பார்க்க முடியாத வளைவில் ஓடுகின்றன.

வாங்கும் முன் வரைந்து பாருங்கள்

ஆரமும் கோணமும் தெரிந்துவிட்டால், பாதையைக் கம்ப்யூட்டரிலேயே மாட்டிப் பார்க்கலாம். எக்ஸ்ட்ராக்கேட் என்ற ஓப்பன் சோர்ஸ் புரோகிராம் முற்றிலும் இலவசம். பல கம்பெனிகளின் துண்டுகள் அதிலேயே இருக்கின்றன. ஸ்கார்ம், எனிரெயில் என்ற புரோகிராம்கள் பழக இன்னும் சுலபம். ஆனால் இலவசப் பதிப்பில் துண்டுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. சாதாரண வட்டத்துக்கும் நீள்வட்டத்துக்கும் அதுவே போதும். திரையில் மூடாத வட்டம் தரையிலும் மூடாது.

இரண்டாவது முறை 438 ஆரத்தில் பத்துத் துண்டு வாங்கினேன். கடைசித் துண்டை அப்பாதான் மாட்டினார். 'டிக்' என்று உட்கார்ந்தது. ரயில் ஓடியது. பையன் படுத்துக்கொண்டு தரையோடு தரையாகக் கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

தப்பாக வாங்கிய 505 துண்டுகள் என்ன ஆயின? 505-இல் 438 போனால் 67 மி.மீ. இந்த வகைச் செட்டுகளில் இரண்டு பாதைகளுக்கு இடையே விடும் இடைவெளி சரியாக அதுதான். இன்னும் ஆறு துண்டு வாங்கினால் வெளிவட்டம் தயார். "செங்கல்பட்டு விழுப்புரம் மாதிரி டபுள் லைன் போட்டுடலாம்" என்கிறார் அப்பா. இந்த முறை ஆர்டர் செய்யும் முன் அவரே கயிறு பிடித்து அளந்துவிட்டார். வெர்சைனில் பாதியைக் கூட்டவும் மறக்கவில்லை.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு பழைய செட் இருந்தால் இறக்குங்கள். அளந்து, எக்ஸெல்லில் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.